தம்பியின் ஜடையும் பெரியப்பாவின் பெட்டிசமும்

போன வருஷம் நம் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துப் பழைய பிள்ளைகள் எல்லோரும் ஹட்டனில் ஒரு மண்டபத்தில் கூடினோமே, ஞாபகமிருக்கும். பழைய பிள்ளைகளாம்! பாதிப் பேருக்கு முழங்கால் மடங்கவில்லை, மீதிப் பேருக்குச் சீனி வியாதி. அப்படியும் பாயாசத்தை யாரும் விடவில்லை. பந்தியில் உங்களில் ஒருவர் என்னைப் பார்த்து, "அந்தப் பெட்டிசக்காரரு குடும்பம் இப்ப எங்கங்க இருக்கு? ஆள் யாரும் மிச்சம் இருக்காங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டிசக்காரர் என்று நாம் சொன்னது என் பெரியப்பாவை. அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். தன் தம்பியான என் அப்பாவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்துவிடக்கூடாது என்று மேலிடத்துக்குக் கோள்மூட்டிப் பெட்டிசம் எழுதியவர் என்று ஐம்பது வருஷமாக நம் தோட்டமே சொல்கிறது. அவர் எழுதவில்லை. அது எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும். அறுபது தாண்டியும் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நடுவில் ‘நான் அப்பவே நெனச்சேன்’ என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். நினைத்திருக்க மாட்டீர்கள்.

அக்கரப்பத்தனை மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. லயத்து வரிசை வீடுகளின் தகரத்தில் அது விழும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரிடம்கூடக் கத்தித்தான் பேசவேண்டும். அதனால் ஒரே அறையான எங்கள் காம்பராவில் சாதாரணப் பேச்சே சண்டையாகத்தான் கேட்கும். அந்த வருஷ மழையில் நிஜமான சண்டையும் சேர்ந்துகொண்டது.

நம் ஆட்களுக்கு அப்போது நாடு கிடையாது. இங்கேயே பிறந்து இங்கேயே பேர் பதிந்து கொழுந்தெடுத்தவர்கள்தான், ஆனால் எந்த நாட்டுக்காரர் என்று சொல்லக் கடதாசி இல்லை. இந்தியாவுக்குப் போகிறவர்கள் ஒரு விண்ணப்பம், இங்கேயே இருக்கிறவர்கள் ஒரு விண்ணப்பம் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். அப்பா இங்கேயே இருக்க எழுதிக் கொடுத்திருந்தார். அவருக்குக் கடதாசி என்றால் அப்படி ஒரு பக்தி. பிறப்புப் பத்திரம், கல்யாணப் பதிவு, தோட்ட ஆபீஸ் கொடுத்த துண்டுகள் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து, ஈரம் ஏறாமல் இருக்க வாரம் ஒருமுறை அடுப்புச் சூட்டில் விரித்துக் காயவைப்பார். அப்போது நாங்கள் தும்மக்கூடக் கூடாது. பிற்காலத்தில் அந்த டின்னும் எங்கேயோ தொலைந்துபோய்விட்டது.

பெரியப்பா கீழே பணிய லயத்தில் இருந்தார். அப்பா ஒரு தொழிற்சங்கத்துக்குத் தோட்டத் தலைவர், அவர் எதிர்ச் சங்கத்துக்குத் தலைவர். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் கிழித்துத் தொங்கவிடுவார்கள். அதே சாயங்காலம் அப்பா போய்ப் பெரியம்மா சுட்ட ரொட்டியைச் சம்பல் தொட்டுத் தின்றுகொண்டிருப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாய் பார்ப்பேன்.

"எழுதிக் குடுத்துக் கேட்டு வாங்குறதுக்கு நாடு என்ன அரிசிக் கூப்பனாடா? பொறந்த எடம் நம்மளுது. அதுக்கு எதுக்கு ஒருத்தன்கிட்ட கும்புடு போடணும்?" என்பார் பெரியப்பா.

"கடதாசி இல்லாட்டி நாளைக்கே கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளுவாங்கண்ணே."

"தள்ளட்டும், வன்னிக்குப் போவோம். காட்ட வெட்டுனா காணி. சுத்தியும் நம்ம பாஷ பேசுற சனம்."

"அங்கயும் போயி நம்மள ‘தோட்டக்காட்டான்’னு சொல்லுவாங்க. அதக் கேக்கவா போகணும்?"

இப்போது யோசித்தால் இருவர் சொன்னதும் சரி. இருவர் சொன்னதும் நடந்தது. அப்போது எனக்கு ரொட்டியின் கருகல் ஓரம்தான் முக்கியமாக இருந்தது.

இனி என் தம்பியின் ஜடைக்கு வருகிறேன். தம்பிக்கு முன் இரண்டு ஆண் குழந்தைகள் அம்மாவுக்குத் தங்கவில்லை. மூன்றாவது தங்கினால் குலசாமி கோயிலில்தான் முதல் முடி இறக்குவேன் என்று அம்மா வேண்டிக்கொண்டாள். குலசாமி இருப்பதோ இந்தியாவில், எங்கள் பாட்டன் விட்டுவிட்டு வந்த ஊரில். எங்கள் குடும்பத்தில் யாரும் அந்தக் கோயிலைப் பார்த்தது கிடையாது. நம் லயங்களில் இப்படி எத்தனை பிள்ளைகள் ஐந்து வயது, ஆறு வயதுவரை ஜடையோடு திரிந்தார்கள், உங்களுக்கே தெரியும். போகப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் வேண்டுதலை மட்டும் யாரும் மாற்றமாட்டார்கள். தம்பிக்கு முடி இடுப்புவரை வளர்ந்திருந்தது. மழைக்காலத்தில் காயவே காயாது. அம்மா அடுப்புப் புகையில் காட்டிக் காயவைப்பாள். அவன் தலையில் எப்போதும் விறகுப் புகையும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசனை அடிக்கும். ஜடை பின்னுவது என் வேலை. பேன் பார்ப்பதும் என் தலையில்தான் விழுந்தது. பையன்கள் அவனைத் ‘தங்கச்சி’ என்று கூப்பிடுவார்கள், அவன் கல்லெடுத்து எறிவான்.

விண்ணப்பத்தை விசாரிக்க அதிகாரி ஐயா வருகிறார் என்று தெரிந்ததும் அப்பா எங்களுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தார். பேர் என்ன, எங்கே பிறந்தாய், எந்தப் பள்ளிக்கூடம், பெரியவளானால் எங்கே இருப்பாய்? கடைசிக் கேள்விக்கு, "இங்கதாங்கய்யா இருப்பேன், இதுதாங்க என் நாடு" என்று சொல்லவேண்டும். "முழிக்கக் கூடாது. கேட்டதுக்குப் பட்டுனு பதில் சொல்லணும். வெளங்குதா?" என்றார். எனக்கு எல்லாம் மனப்பாடம். ஜடையைப் பற்றி மட்டும் யாரும் பாடம் நடத்தவில்லை. முடியை வெட்டிவிடலாமா என்று அப்பா ஒருமுறை கேட்டார். அம்மா பிடித்த அழுகையில் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டார்.

விசாரணை தோட்ட ஆபீஸில் நடந்தது. ஐயா சிங்களவர், கண்ணாடி போட்ட நல்ல மனிதர். கூடவே டவுனிலிருந்து வந்த ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். அப்பா இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டு பிஸ்கட் டின்னோடு உள்ளே போனார். என்னை உள்ளே கூப்பிட்டுக் கேட்டபோது எல்லாவற்றையும் பட்டுபட்டென்று சொன்னேன். ஐயா தலையை ஆட்டினார். அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும், அத்தனை சந்தோஷம்.

எல்லாம் முடிந்து அப்பா உள்ளே கிளாக்கரிடம் ஏதோ பிரதியில் முத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். ஐயா பிளேன்டிக் கோப்பையோடு ஆபீஸ் முன் இஸ்தோப்புக்கு வந்தார். நானும் தம்பியும் படியில் உட்கார்ந்திருந்தோம். அவர் தம்பியின் ஜடையைச் செல்லமாகப் பிடித்து இழுத்துவிட்டு ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் சிரித்துக்கொண்டே, "தம்பிக்கு எதுக்கு இவ்வளவு முடின்னு ஐயா கேக்குறாரு" என்றார்.

முழிக்கக் கூடாது, பட்டென்று சொல்லவேண்டும். சொன்னேன். "எங்க குலசாமி இந்தியாவுல இருக்குங்கய்யா. அங்க போயித்தான் மொட்ட போடணும். அப்பா எங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போவாருங்க."

ஐயா சிரித்தார், எனக்கு ஒரு டொபி மிட்டாய் கொடுத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து என்னவோ குறித்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் சொன்னதை ஒரு பெரிய ஆள் எழுதிக்கொள்கிறாரே!

பதில் வர மாதக்கணக்கானது. வந்த கடிதத்தைக் கிளாக்கர்தான் தமிழில் படித்துச் சொன்னார். இந்த நாட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கும் எண்ணம் விண்ணப்பதாரருக்கு இருப்பதாகத் தெரியவில்லை என்பதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது என்று இருந்தது. அப்பா ஆபீஸ் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான் எங்க போறேன்னு சொன்னேன்? யாருகிட்டங்க சொன்னேன்?" என்று கிளாக்கரையே கேட்டார். கிளாக்கர் தாடையைத் தடவிக்கொண்டு, "யாரோ பெட்டிசம் போட்டிருக்கான் தலைவரே. ஒங்களுக்கு வேண்டாதவன் யாரு?" என்றார்.

வேண்டாதவரைத் தேட வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. பெரட்டுக் களத்தில் அத்தனை பேருக்கு முன்னால் விண்ணப்பத்தைக் கேலி செய்தவர் ஒருவர்தான். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ‘எண்ணம்’ என்ற சொல்லைக் கேட்ட உடனே அந்தச் சின்னப் புத்தகம் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஒன்பது வயதுதான், ஆனால் மண்டு இல்லையே நான்.

மாரியம்மன் கோயிலில் கூட்டம் கூடியது. நீங்களும் சிலபேர் அப்பா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றீர்கள். பூசாரி தட்டில் சூடத்தை ஏற்றினார். பெரியப்பா சட்டையைக் கழற்றிவிட்டு முன்னே வந்தார். "நான் எழுதல. என் தம்பிக்கு எதிரா நான் ஒரு எழுத்து எழுதல" என்று சொல்லி, உள்ளங்கையால் எரிகிற சூடத்தை அடித்து அணைத்தார்.

அப்பா, "சூடத்த அணைச்சே பொய் சொல்றான் பாருங்க! இவன் அண்ணனா?" என்று கத்தினார். நான் அம்மாவின் சேலைக்குள் நின்றேன். பெரியப்பா கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு வேண்டாம் என்று மூடிக்கொண்டார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. ‘நான்தான் சொன்னேன்’ என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அப்பா என்னைக் கொன்றுபோடுவார் என்று பயந்தேன். அவர் அழுதுவிடுவார் என்று அதைவிடப் பயந்தேன்.

அடுத்த மாதமே அம்மா தம்பிக்கு அதே மாரியம்மன் கோயிலில் மொட்டை போட்டுவிட்டாள். குலசாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. பெரியப்பாவின் சங்கத்தில் ஆள் குறைந்தது. தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பெரியம்மாவுக்கு யாரும் குடம் வைக்க வழிவிடவில்லை. மழை ஓய்ந்த ஒரு காலையில் அவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களை லொறியில் ஏற்றிக்கொண்டு வன்னிக்குப் போனார்கள். பெரியப்பா மகள், என்னைவிட மூன்று வயது மூத்தவள், லொறியின் பின்பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நான் கையசைக்கவில்லை. அப்பா பக்கத்தில் நின்றார்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். அப்பா வாழ்நாளில் ஒரு தடவைகூட ஓட்டுப் போடவில்லை, எந்த நாட்டுக்காரரும் ஆகாமலே போய்ச் சேர்ந்தார். கடைசிவரைக்கும் அண்ணனைத் திட்டினார். பிறகு சட்டம் மாறி எங்களுக்கெல்லாம் பிரஜாவுரிமை வந்தது. நான் டீச்சரானேன், தம்பிக்கு ஹட்டனில் அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. கல்யாணம் காட்சி என்று ஒன்றும் எனக்கு அமையவில்லை, தம்பி வீட்டிலேயே இருந்துவிட்டேன். வடக்கே யுத்தம் நடந்தது. செய்தியில் வன்னி என்று வந்தால் தம்பி டீவியை அணைத்துவிடுவான். "நாட்டைப் பிரிக்கப் போனவங்க, அனுபவிக்கட்டும்" என்பான். குடும்பத்தைப் பிரித்த ஆள் வீட்டிலேயே இருக்கிறாள் என்று நான் சொல்லவில்லை.

இதுவரைக்கும் குழந்தை செய்த தப்பு. இனிச் சொல்லப்போவது அப்படியில்லை, அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது.

யுத்தத்தின் கடைசிக் காலத்தில், ஒரு மத்தியானம், எங்கள் வாசலில் ஒரு பையன் வந்து நின்றான். பத்தொன்பது வயது இருக்கும். பெரியப்பா மகளின் மகன். இயக்கத்தில் சேர்க்கப் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று பயந்து அவன் அம்மா எப்படியோ அவனை இந்தப் பக்கம் தப்பவைத்திருந்தாள். "மாமா, கொஞ்ச நாளைக்கு இங்க இருந்துக்கிறேன். வேல வெட்டி எதுனாலும் செய்யிறேன்" என்றான். ஹட்டனில் அப்போது வடக்குப் பொடியன்களைப் பொலிஸ்காரர்கள் வீடுவீடாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். தம்பிக்குப் பெண்டாட்டி, பிள்ளைகள், உத்தியோகம். பயந்துவிட்டான். அந்தப் பயத்துக்கு அவனுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, பெட்டிசம் கைவசம் இருந்தது. "எங்கப்பாவுக்குப் பெட்டிசம் எழுதுன ஆளோட பேரனுக்கு இந்த வீட்ல எடமில்ல" என்றான். அந்தப் பையனுக்கு அது என்னவென்றே விளங்கவில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். நான் குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டது. வெட்டிக்கொண்டே இருந்தேன்.

யுத்தம் முடிந்தது. பாதை திறந்தது. நாடு ஒன்றாகிவிட்டது என்று வெடி கொளுத்தினார்கள். வவுனியாவுக்கு பஸ் ஓடியது. போகலாம், போகலாம் என்று பதினைந்து வருஷம் சாக்குச் சொன்னேன். முழங்கால் வலி, வெயில், தனியாக எப்படி என்று. போன வருஷம் பந்தியில் உங்களோடு சேர்ந்து சிரித்த பிறகுதான் கிளம்பினேன்.

வவுனியாவில் விசாரித்து, ஆட்டோ பிடித்துப் போய், பெரியப்பா மகளான அக்காவின் வீட்டைக் கண்டுபிடித்தேன். அரைச்சுவர் எழுப்பிய வீடு, சுற்றிலும் நிலக்கடலை. பெரியப்பாவும் பெரியம்மாவும் இடம்பெயர்ந்து அலைந்த காலத்திலேயே போய்விட்டார்கள். அக்கா தனியாக இருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சித்தப்பா மக தானே? கெழவியாயிட்டியேடி!" என்று கட்டிக்கொண்டாள். எனக்கு அப்போதே செத்துவிடலாம்போல இருந்தது.

தண்ணீர்கூடக் குடிக்காமல் சொல்லிவிட்டேன். ஜடை, ஐயா, டொபி, சின்னப் புத்தகம் எல்லாம். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"எங்கப்பாவுக்கு எழுதத் தெரியாதுடி."

எனக்கு விளங்கவில்லை.

"எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. சங்கத்துக் கடிதமெல்லாம் நான்தான் எழுதுவேன், பன்னெண்டு வயசுல. வீட்டுக்கு வெளிய சொல்லக் கூடாதுன்னு எங்கம்மா மேல சத்தியம் வாங்கியிருந்தாரு. கையெழுத்த மட்டும் படம் வரையிற மாதிரி வரைவாரு. தலைவரு தற்குறின்னு தெரிஞ்சா எவன் மதிப்பான்? கோயில்ல அன்னைக்கு அதத்தான் சொல்ல வந்தாரு. வாய் வரல. சொல்லியிருந்தாலும் வேற யாரையோ வச்சு எழுதுனாருன்னுதான் சொல்லியிருப்பாங்க. ஆனா அவரு சொல்லாம விட்டது அதுக்காக இல்ல, வெக்கத்துல."

ஒரே கோயிலில் ஒரே நேரத்தில் பெரியப்பா வெட்கத்தில் வாயை மூடியிருக்கிறார், நான் பயத்தில் மூடியிருக்கிறேன். நான் அவள் காலைப் பிடிக்கப் போனேன். அவள் விடவில்லை. "நீ சின்னப் புள்ள. அத விடு" என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"என் மகன் ஒங்க வாசலுக்கு வந்தப்போ நீ வீட்ல இருந்தியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இருந்தேங்க்கா" என்றேன்.

வன்னிக்குத் திரும்பிப் போன அந்தப் பையனை ஒரு மாதத்துக்குள் இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கடைசிச் சண்டைக்குப் பிறகு ஆள் இல்லை. அவள் எழுந்து உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது சோறு போட்டுக் கொண்டுவந்தாள். தான் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் நின்றாள்.

"என்கிட்ட சொன்னது பத்தாது. ஒன் தம்பிகிட்ட சொல்லு" என்றாள். தன் போன் நம்பரை ஒரு துண்டில் எழுதி என் கையில் வைத்தாள்.

தம்பி இப்போது பென்ஷன் வாங்குகிறான். நான் வந்து சேர்ந்த மறுநாள் காலை, வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்று, முழிக்காமல், பட்டென்று சொன்னேன். பெட்டிசம் என்று ஒன்று கிடையவே கிடையாது, சொன்னது நான். பெரியப்பாவுக்கு எழுதவே தெரியாது.

அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. பேப்பரை நான்காக மடித்தான். அதை மறுபடி விரித்தான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அப்ப அந்தப் பையன நான் எதுக்குக்கா திருப்பி அனுப்புனேன்?"

அக்காவின் நம்பர் எழுதிய துண்டு என் கையில் இருந்தது. அவனே கையை நீட்டினான். துண்டைக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு நம்பராகப் பார்த்துப் பார்த்து அழுத்தினான். அந்தப் பக்கம் அக்காவின் குரல், "யாரு?" என்று கேட்டது. அவன் பேரைச் சொல்லவில்லை. சித்தப்பா மகன் என்றும் சொல்லவில்லை.

"நான்தாங்க்கா," என்றான். "ஒங்க மகன வாசலோட அனுப்புனவன்."